கை செய்த குதிரை

சதுரங்கம் ஆடத் தெரியாத ஒருவர் காரைக்காலில் சதுரங்கக் காய்களுக்குத் தீர்ப்பு வழங்கும் நடுவராக விளங்கினார் என்றால், அதற்கு அவருடைய துணிவு பாதிக் காரணம். எங்களுடைய அறியாமை மீதிக் காரணம். ஊரில் எல்லாரும் அவரை நானா என்று அழைத்தார்கள். அண்ணனைக் குறிக்கும் அந்தச் சொல்லை அவரைவிட மூத்தவர்களும் வழங்கியதால், அது உறவுப்பெயர் என்னும் நிலையைக் கடந்து பதவிப்பெயர் ஆகியிருந்தது. நானும் அவ்வாறே அழைத்தேன். இங்கும் அவ்வாறே குறிப்பிடுகிறேன்.

அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். இளமையில் கப்பலேறிச் சைகோனுக்குப் போய்த் துணி வாணிகம் செய்தவர். அங்கே போர் முற்றியதும் கடையை மூடிவிட்டு ஊர் திரும்பியவர். கடை போனாலும் கடைக்காரரின் விரல்கள் போகவில்லை. எந்தப் பொருளைக் கண்டாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒருமுறை தேய்ப்பார். தேய்த்ததும் ஒரு குறை சொல்வார். என் புதுச் சட்டையின் கழுத்துப்பட்டையும் என் மனைவி வார்த்த தோசையின் விளிம்பும் அந்த விரல்களுக்குத் தப்பவில்லை. பிரெஞ்சு ஆட்சி முடிந்து, மேரி என்று நாங்கள் வழங்கிய நகராட்சிக் கட்டடத்தில் ஏற்றுவதற்காகப் புதுக்கொடி வந்திறங்கியபோது, ஊரே உணர்ச்சி மேலிட நின்ற அந்த வேளையில், நானா முன்னே சென்று அதன் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார்.

"நெசவு பரவாயில்லங்க. ஓரம் மடிச்சது போதாது" என்றார் என்னிடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "போன கொடியும் இப்படித்தாங்க வாத்தியாரே, ஓரத்துலதான் பிரிய ஆரம்பிச்சுது" என்றார்.

'பரவாயில்லை' என்பதே அவர் கருவூலத்தில் இருந்த மிக உயர்ந்த பாராட்டு. அதையும் கிள்ளித்தான் கொடுப்பார். 'நன்றாக இருக்கிறது' என்று அவர் சொல்லி, கட்டிய மனைவியே கேட்டதில்லை என்று அந்த அம்மையார் என் மனைவியிடம் கிணற்றடிச் சுவருக்கு மேலாகச் சொல்லியிருக்கிறார். அக்காள் என்னும் பொருளில் லாத்தா என்று என் மனைவி அழைத்த அந்த அம்மையாரின் நாக்குக்கு மட்டுமே நானா அஞ்சினார்.

கொடி மாறிய அந்த ஆண்டில் பிரெஞ்சு அதிகாரிகள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். கப்பலில் ஏற்ற முடியாதவற்றை வீட்டு முற்றத்தில் பரப்பி ஏலம் விட்டார்கள். சுருதி கெட்ட பியானோக்கள், சாராயம் அருந்தும் நீள்காற் கிண்ணங்கள், முகம் பார்த்துப் பார்த்துத் தேய்ந்தவை போன்ற ஆளுயரக் கண்ணாடிகள் ஆகியவற்றுக்கு நடுவே, எதற்கென்று எவருக்கும் விளங்காத ஒரு தாழ்ந்த பீங்கான் தொட்டியும் இருந்தது. நெடுங்காட்டு மிராசுதார் ஒருவர் கன்றுக்குட்டிக்குக் கழுநீர் வைப்பதற்காக அதை ஏலத்தில் எடுத்தார். அது உடம்பின் எந்தப் பகுதியைக் கழுவுவதற்கான தொட்டி என்பதைச் சைகோனில் வாழ்ந்த நானா அறிவார். அறிந்தும் அவர், "பீங்கான் மட்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அகன்றார்.

அந்த ஏலத்துக்கு நானா போனது மகளின் அறைக்கு ஓர் அலமாரி வாங்குவதற்காக. திரும்பி வந்தது ஒரு சதுரங்கப் பெட்டியுடன். பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தவை அத்தர்க் குப்பிகளின் மூடிகள் என்றே அவர் எண்ணினாராம். வீட்டுக்குரிய துரை சிரித்துக்கொண்டே ஒரு குதிரையை எடுத்து அவர் கையில் வைத்து, "மற்றவற்றையெல்லாம் கடைசல் சக்கரம் செய்துவிடும்; குதிரையை மட்டும் கைதான் செய்ய வேண்டும்; ஆகவே வாங்குகிறவன் குதிரையைப் பார்க்க வேண்டும்" என்று பிரெஞ்சில் சொன்னார். நானா தம் வாழ்நாளில் சதுரங்கத்தைப் பற்றிப் பெற்ற கல்வி இந்த ஒரு வாக்கியமே. இதற்கு மேல் ஒன்றையும் அவர் கற்கவில்லை. கற்கத் தேவையும் இல்லை என்று கருதினார். ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பேரறிஞர்களாக உலவுகிறவர்களை நான் பள்ளிக்கூடத்திலும் கண்டிருக்கிறேன் என்பதால், எனக்கு இதில் வியப்பு ஏற்படவில்லை.

இடர் வீட்டில் காத்திருந்தது. லாத்தா பெட்டியைத் திறந்து, பல்லும் கண்ணும் மூக்குத் துளையுமாக நின்ற நான்கு குதிரைகளைக் கண்டார்.

"ஏங்க, தொழுவுற வீட்டுக்குள்ள உருவத்தைக் கொண்டாந்து வச்சா மலக்குமாரு எப்படிங்க வருவாங்க?" என்றார். மலக்குமார் என்றால் வானவர்கள்.

"உருவமா இது? கட்டைவிரல் தண்டிதான இருக்கு?"

"மலக்குமாரு என்ன, அளவு நாடாவா எடுத்துக்கிட்டு வர்றாங்க?"

இதற்கு மறுமொழி சைகோனிலும் கிடைத்திராது. அன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் நான்கு குதிரைகளும் கிணற்றடிச் சுவரைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தன. என் மனைவி அவற்றுக்கு ஒரு பழைய பிஸ்கோத்துத் தகரத்தை ஒதுக்கிக் கொடுத்தாள். அதன் பின்னர் நானா வாங்கிய ஒவ்வொரு பெட்டியிலும் அரசனும் மந்திரியும் கோட்டையும் காலாட்களும் அவர் வீட்டுப் பெட்டகத்தில் தங்க, குதிரைகள் மட்டும் எங்கள் தகரத்துக்குக் குடிபெயர்ந்தன. குதிரையைக் கொண்டே தரத்தை அறிய வேண்டும் என்னும் கொள்கையுடைய ஒருவரின் வீட்டில் குதிரை இருக்கக் கூடாது என்று ஆனதால், அவருடைய ஆராய்ச்சி முழுவதும் என் வீட்டு மேசையில் நிகழலாயிற்று. மாலைதோறும் வாயிலில் குரல் கேட்கும்:

"வாத்தியாரே, லாயத்தைத் திறங்க."

தகரத்தை மேசைமேல் கவிழ்த்து, ஒவ்வொரு குதிரையாகத் தூக்கி, சாளரத்து வெளிச்சத்தில் மூக்குத் துளையை நோக்குவார். பிடரியை நகத்தால் கீறுவார். பிறகு தலைகீழாக நிறுத்தி அடிப்பாகத்தைத் தட்டி, உள்ளே ஈயம் இருக்கிறதா என்று காதருகே வைத்துக் கேட்பார். இணைக் குதிரைகள் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, சம்பந்தம் பேசுகிறவரைப் போல மாறி மாறிப் பார்ப்பார். கடைசியில் குறை வெளிப்படும். ஒரு குதிரைக்குக் கண் மேலே ஏறிவிட்டது. இன்னொன்று முந்தின நாள் பட்டினி. வேறொன்று குதிரையே அன்று. கழுத்து நீண்ட ஆடு.

"ஆடிப் பாருங்களேன், நானா. நான் சொல்லித் தருகிறேன்" என்று ஒருநாள் சொன்னேன்.

"எதுக்குங்க? ஆடுறவன் காயையா பாக்குறான்? எதிராளி மூஞ்சியத்தான பாக்குறான்" என்றார். அதன் பிறகு நான் சொல்லித் தருவதைப் பற்றிப் பேசியதில்லை.

இத்தகைய நடுவர் தவறே செய்யமாட்டார் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. கடற்கரைச் சாலையில் குடியிருந்த ஒரு துரையின் சமையற்காரரிடம் அவர் ஒரு பெட்டி வாங்கினார். கறுப்புக் காய்களைத் தேய்த்தார், முகர்ந்தார், கண்களை மூடினார். "கருங்காலிங்க. அசல் கருங்காலி. குதிரைக்குத்தான் பல்லு ஒண்ணு கொறையுது" என்றார். சித்திரை மாதம், நல்ல புழுக்கம். வீடு போய்ச் சேர்வதற்குள் கருங்காலி அவர் விரல்களுக்கும், விரல்களிலிருந்து நெற்றிக்கும், நெற்றியிலிருந்து தாடிக்கும் பரவியிருந்தது. சுவருக்கு அப்பாலிருந்து லாத்தாவின் குரல் எங்கள் சமையலறை வரை கேட்டது.

"ஏங்க, உங்க கருங்காலி மரத்தை விட்டு எறங்கித் தாடிக்குல்ல வந்திருச்சு!"

நானா விரலை முகர்ந்து பார்த்தாராம். சிறிது நேரம் சிந்தித்தாராம். "பூட்சுக்குப் போடுற சப்பாத்து மைதான்" என்று ஒப்புக்கொண்டு, "ஆனா மட்டமான மை" என்றாராம். அவர் ஏமாந்ததிலும் ஒரு குறை கண்டார். அக்குறை அவருடையதாக இல்லை.

ஆயுத பூசையன்று நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும். என் மனைவி அரிவாள்மணை முதல் என் பேனா வரை அனைத்துக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு வந்தவள், தகரத்தைத் திறந்து பன்னிரண்டு குதிரைகளுக்கும் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டாள். மாலையில் நானா வந்தார். தகரத்தைக் கவிழ்த்தார். அவர் ஒரு குதிரையை எடுத்து மூக்குக்கு நேரே பிடித்து நெடுநேரம் நோக்கினார்.

"தங்கச்சி வச்சதா?"

"ஆமாம், நானா. அறியாமல் செய்துவிட்டாள்."

"பொட்டு நடுவுல இல்லியே, வாத்தியாரே. எல்லாத்துக்கும் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கு" என்றார். பிறகு, "இதை அங்கே சொல்லிக்காதீங்க. இருக்குற வம்பு போதும்" என்று சுவரைக் கண்ணால் காட்டினார்.

இவ்வளவும் சிரிப்புக்கு உரியவை. சிரிக்க முடியாத இடம் ஒன்று இருந்தது. அது அவருடைய மகள்.

எங்கள் ஊர் முஸ்லிம் குடும்பங்களில் மணமகன்தான் மனைவி வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆகவே பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையை மட்டுமன்றி, அவன் உடன் கொண்டுவரும் பொருள்களையும் பார்ப்பது இயல்பு. நானா பார்த்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முதல் சம்பந்தத்தில், மாப்பிள்ளையுடன் வரவிருந்த பரம்பரைக் கட்டிலைத் தட்டிப் பார்த்து, "காலு நாலும் நாலு ஊரா இருக்கே" என்றார். இரண்டாவதில் மாப்பிள்ளைப் பையனின் சட்டைக் கையையே இரு விரலால் தேய்த்து, "துணி பரவாயில்ல, தையல்தான் அவசரம்" என்றார். தைத்தவர் பையனைப் பெற்ற தாயார்; அவர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேச்சும் அந்தந்த இடத்திலேயே நின்றன.

மூன்றாவதும் முறிந்தால், குறை தகப்பனிடமா பெண்ணிடமா என்று ஊர் ஆராயத் தொடங்கிவிடும். அந்தப் பெண் முதல் இரண்டின்போதும் வாய் திறக்காதவள். திருமலைராயன்பட்டினத்திலிருந்து மூன்றாவது பேச்சு வந்தபோது மட்டும் என் மனைவியிடம், "அக்கா, இந்தத் தடவையாச்சும் வாப்பா பேசாம இருப்பாங்களா?" என்று கேட்டாளாம். கேட்கும்போது வாளிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாளாம். அதிலிருந்து பட்டினத்துப் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று என் மனைவி முடிவு கட்டினாள்.

பையனின் தகப்பனார் தோணிகளில் பங்கு வைத்திருந்தவர், அமைதியானவர், பையன் சதுரங்கப் பித்தன். "பாட்டனார் காலத்து சதுரங்கப் பெட்டி ஒண்ணு வீட்டுல இருக்கு. பையன் வந்தா அவனோட அதுவும் வரும். வர்ற வெள்ளிக்கிழமை கொண்டாரேன். நானா பாத்துச் சொல்லட்டும்" என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். நானாவின் புகழ் பட்டினம் வரை போயிருந்தது. அந்தப் புகழின் தன்மைதான் அங்கே எட்டவில்லை.

லாத்தா வியாழக்கிழமையே ஆயத்தங்களைத் தொடங்கினார். கோதுமை அல்வாவைப் பாகு முற்ற முற்றக் கிளறினார். அதை மெல்லுகிறவர் பேசுவது கடினம். பிறகு கிணற்றடிக்கு வந்து, என் மனைவியிடம் சொல்வது போல என் காதில் விழும்படி சொன்னார்.

"வாத்தியாரைப் பக்கத்துல ஒக்காரச் சொல்லும்மா. எங்க வீட்டுக்காரங்க வாயத் தொறந்தா ஒடனே ஏதாச்சும் குறுக்கே கேட்டுறணும்."

"என்ன கேக்கணும் லாத்தா?"

"எதையாவது கேக்கட்டும். சைகோன்ல மழை பெய்யுமான்னு கேக்கட்டும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பையனின் தகப்பனாரான பட்டினத்துக்காரர் வந்தார். உடன் வந்த பெண்கள் உள்ளே சென்றார்கள். முன்கூடத்தில் விரித்த பாயில் அவரும் நானாவும் எதிரெதிரே அமர, நான் நடுவே அமர்ந்தேன். நானா வெள்ளைச் சட்டையும் புதுத் தொப்பியுமாக, குறை சொல்வதில்லை என்று முந்தின இரவு லாத்தாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் உறுதியோடு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அல்வா வந்தது. நானா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். எல்லாம் திட்டப்படியே நடந்தன.

பட்டினத்துக்காரர் பட்டுத்துணியை அவிழ்த்துப் பெட்டியை முன்னே வைத்தார். ஒரு படை மரத்தின் இயல்பான வெளிர்நிறம், மறுபடை சிவப்பு. நானாவின் கைகள் தொடைக்கு அடியிலிருந்து தாமாகவே வெளிவந்தன. அரசனைத் தொட்டார், விட்டார். மந்திரியைத் தொட்டார், விட்டார். எல்லாம் சக்கரம் செய்தவை. அவர் தேடியது கிடைக்கவில்லை. அல்வாவை ஒருவாறு விழுங்கினார்.

"குதிரை எங்கங்க?"

"கையில வச்சிருக்கீங்களே, அதுதான்."

நானா கையிலிருந்ததைப் பார்த்தார். அடியில் ஒரு வட்டம். மேலே ஒரு தண்டு. தண்டின் உச்சி முன்பக்கமாகச் சாய்ந்து, சரிவாக ஒரு வெட்டு. கண் இல்லை, காது இல்லை, பல் இல்லை, மூக்குத் துளை இல்லை.

"நானா, சைகோனில் மழை பெய்யுமா?" என்றேன்.

"பேயும்" என்றார், என்னைப் பார்க்காமலேயே. "இது குதிரையா? செதுக்குனவன் மூஞ்சிக்கு வர்றதுக்குள்ள மௌத்தாப் போயிட்டானா?"

மௌத்து என்றால் சாவு. உள்ளே வளையல் ஒலி நின்றது. பட்டினத்துக்காரர் பட்டுத்துணியை மெல்ல எடுத்து மடித்தார். மடித்து முடித்ததும் எழுந்துவிடுவார் என்பது அவர் மடித்த முறையிலேயே தெரிந்தது. பாட்டனார் பண்டத்தைப் பழித்தவன் வீட்டுக்குப் பிள்ளையை யார் அனுப்புவார்? தலைமுறை தலைமுறையாகத் தொழுகை நடக்கும் வீட்டில் பிறந்த ஒருவர், துரைமார் வீட்டுக் குதிரைகளையே பார்த்துப் பழகி, முகமற்ற குதிரை ஏன் முகமற்று இருக்கிறது என்பதை மறந்துபோனார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து லாத்தாவின் குரல் எழுந்தது. வந்தவரிடம் நேரே பேசுவது முறையன்று என்பதால், கணவரிடம் பேசுவது போலத் தெரு வரை கேட்கும்படி பேசினார்.

"ஏங்க! மூஞ்சி இல்லாததுனாலதான் அது பாட்டனார் காலத்துலேர்ந்து தொழுவுற கூடத்துலயே இருக்கு. மூஞ்சி உள்ள உங்க குதிரையெல்லாம் எங்கங்க இருக்கு? வாத்தியார் வீட்டுத் தகரத்துல! நீங்க வீட்டுக்குக் கொண்டாந்ததுல ஒரு பெட்டியாச்சும் முழுசா வீட்டுக்குள்ள இருக்கா? இந்த வீட்டுக்கு வந்த மொத முழுப் பெட்டி இதுதான். வாயத் தொறக்குறதுன்னா அதைச் சொல்லுங்க!"

பட்டினத்துக்காரரின் கை மடிப்பில் நின்றது. "குதிரையெல்லாம் தகரத்துலயா?" என்று என்னைக் கேட்டார். "ஆமாம். இப்போது பதினாறு" என்றேன். அவர் மீசைக்குள் ஏதோ அசைந்தது. துணியைக் கீழே வைத்தார்.

"சரி. மூஞ்சியை விடுங்க. வேலையைச் சொல்லுங்க" என்றார்.

நானாவுக்கு இதைவிடக் கொடிய தண்டனை இருந்திராது. மூக்குத் துளையே இல்லாத குதிரையில் எதை நோக்குவது? ஆயினும் நடுவர் பதவியை அவர் துறக்கவில்லை. நான்கு குதிரைகளையும் வரிசையாக நிறுத்தினார். தேய்த்தார், முகர்ந்தார், தட்டிக் கேட்டார். நேரம் போயிற்று. முதல் மூன்றும் ஒன்றைப் போலவே ஒன்று வழவழவென்று இருந்தன. நான்காவது, சிவப்புப் படையைச் சேர்ந்தது, சற்றுக் கோணலாக, உடலெங்கும் கத்தித் தழும்புகளோடு, தன் இணையைவிட ஒரு சாயல் இருண்ட சிவப்பாக இருந்தது. அதை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. நான் மனத்துக்குள் சைகோனைப் பற்றி இரண்டாவது கேள்வியைத் தேடினேன். சைகோனில் மழையைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"நாலும் ஒரு கை இல்லங்க" என்றார் நானா.

உள்ளே யாரோ மூச்சை இழுக்கும் ஒலி கேட்டது. பட்டினத்துக்காரரின் முகம் வெளுத்தது.

"எது வேற கை?" என்றார்.

"இந்த மூணும் சக்கரத்துல போட்டு இழுத்தது. பொறவு எவனோ கத்துக்குட்டி செஞ்சு சேத்திருக்கான். இது ஒண்ணுதான்" என்று கோணற் குதிரையை உயர்த்தினார், "கை செஞ்சது. கத்தி எங்கயும் தயங்கலை பாருங்க. அப்புறம் இந்தச் சிவப்பு. இதோட சோடியில மேலோட நிக்குது, இதுல உள்ள எறங்கியிருக்கு. பெரிய கைகாரனுக்குத்தான் சாயம் இப்படிக் கட்டுப்படும். இது உஸ்தாது வேலைங்க." குதிரையை மறுபடி ஒருமுறை தேய்த்தார். பிறகு, எங்கள் அனைவரின் செவிகளும் ஐயுறும்படி, "நல்லாருக்கு" என்றார்.

திரைக்குப் பின்னால் ஒரு தட்டு கீழே விழுந்து உருண்டது.

பட்டினத்துக்காரர் குதிரையை வாங்கித் தம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் வாய் சிரிப்பை அடக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது.

"நாள் பாருங்க, சம்மந்தி" என்றார்.

அந்த ஒரு சொல்லால் பெண்ணுக்கு மாப்பிள்ளை உறுதியானான். ஏன் உறுதியானான் என்பது எவருக்கும் விளங்கவில்லை. நானாவுக்கு மட்டும் விளங்கியிருந்தது. "வேலை தெரிஞ்சவன்கிட்ட வந்து சேந்துச்சேன்னு மனுசனுக்கு நிம்மதி" என்று என்னிடம் விளக்கினார்.

உண்மையை நான் நிக்காஹ் விருந்தில் அறிந்தேன். பட்டினத்துக்காரர் என்னைப் பந்தலின் ஓரத்துக்கு அழைத்துச் சென்றார்.

"வாத்தியாரய்யா, அந்த உஸ்தாது யாரு தெரியுமா?" என்று கேட்டுத் தம் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு சிவப்புக் குதிரையைத் தோணித்துறையில் விளையாடப் போன இடத்தில் தண்ணீரில் தொலைத்துவிட்டாராம். அடிக்கு அஞ்சி, உடைந்த சுக்கான் கட்டை ஒன்றைச் சவரக் கத்தியால் சீவி ஒரு குதிரை செய்து, அக்காள் அரைத்து வைத்திருந்த மருதாணிக்குள் இரவு முழுவதும் புதைத்து வைத்தாராம். காலையில் தகப்பனார் பெட்டியைத் திறந்ததும் கண்டுகொண்டாராம்.

"அடிக்கல. அடிச்சிருந்தாத் தேவலை. சாகுற வரைக்கும் அதைக் கழுதைன்னே கூப்புட்டாங்க. வர்ற போற ஆளுங்ககிட்டல்லாம், 'மூணு குதிரை ஒரு கழுதை, அது எம்மவன் செஞ்சது'ன்னு காட்டுவாங்க. எத்தனை வயசானாலும் அந்தப் பெட்டியைத் தொறக்குறப்ப எனக்குக் கூசும். உங்க நானா கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு சொன்னாங்க. வாப்பா சொன்னது மெய்தானான்னு கேட்டுறணும்னுதான் கொண்டாந்தேன். கழுதைன்னுடுவாருன்னுதான் இருந்தேன். என்ன சொன்னாரு பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"உஸ்தாதுன்னாருங்க. இனி அவரு பொண்ணு குடுக்கமாட்டேன்னாலும் நான் வாசல்ல வந்து ஒக்காந்திருப்பேன்."

பாட்டனாருக்காகச் செதுக்கிய உண்மையான கைவினைஞர் யாரோ, அவர் செய்த மூன்று குதிரைகளும் கத்துக்குட்டி வேலை என்னும் தீர்ப்பைத் தாங்கி, மாப்பிள்ளையோடும் கழுதையோடும் நானாவின் வீட்டுக்குக் குடிவந்தன. மாப்பிள்ளை வழியாகச் செய்தி பெண்ணுக்கும், பெண் வழியாக லாத்தாவுக்கும், லாத்தா வழியாகக் கிணற்றடிக்கும் வந்து சேர்ந்தது. நானா ஒருவருக்கு மட்டும் வரவில்லை. வாய்ப்புக் கிடைத்தால் கணவரைக் குத்தாமல் விடாத லாத்தா, இந்த ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவே இல்லை. "வாழ்க்கையில ஒரு தடவை நல்லாருக்குன்னு சொல்லியிருக்காங்க. அதையும் தப்புன்னு சொன்னா அப்புறம் ஆயுசுக்கும் சொல்லமாட்டாங்க" என்பது அவர் வாதம். விருந்தினர் வந்து, நானா பெட்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் புறப்படும்போது மட்டும், சுவருக்கு அப்பாலிருந்து, "கழுதை மேய்க்கக் கெளம்பிட்டாங்க" என்று தாழ்ந்த குரலில் என் மனைவிக்கு அறிவிப்பார்.

ஒவ்வொரு பெருநாளுக்கும் பட்டினத்துக்காரர் வருவார். உண்டு முடித்து, வெற்றிலை போட்டு, சற்றே தயங்கி, "சம்மந்தி, அந்தச் செவப்புக் குதிரையப் பத்திச் சொல்லுங்களேன்" என்பார். நானா சொல்வார். ஆண்டுதோறும் அந்த உஸ்தாதின் வரலாறு வளர்ந்தது. அவர் இடக்கைக்காரர் என்பது வெட்டின் சாய்விலிருந்து தெரியவந்தது. பர்மாவில் தொழில் பழகியவர் என்பது சாயத்திலிருந்து தெரியவந்தது. மன்னர் ஒருவர் அழைத்தும் போக மறுத்தவர் என்பது எதிலிருந்து தெரியவந்தது என்று நான் கேட்கவில்லை. பட்டினத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, புகழ்ச்சி கேட்கும் அடக்கமான மனிதர் எவ்வாறு இருப்பாரோ அவ்வாறே இருப்பார்.

ஒரு பெருநாளில் அவர் துணிந்து ஒரு கேள்வி கேட்டார். நானும் அங்கிருந்தேன்.

"சம்மந்தி, அந்த ஆளு தொடந்து செதுக்கியிருந்தா எப்படி வந்திருப்பாரு?"

நானா குதிரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒருமுறை தேய்த்தார். சாளரத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். திரைக்குப் பின்னால் வளையல் ஒலி நின்றது.

"கெட்டுப் போயிருப்பான்" என்றார். "ஒண்ணோட நிறுத்துனான் பாருங்க, அதுதான் அவன் கெட்டிக்காரத்தனம்."

பட்டினத்துக்காரர் நீண்ட பெருமூச்சு விட்டார். அவர் முகத்தில் அத்தகைய நிம்மதியை நான் முன்னர்க் கண்டதில்லை.

"ஆமாங்க" என்றார். "நிறுத்திட்டான்."